செவுளும் பூவும்

காலை வெயில் மீன் சந்தையின் தகரக் கூரை ஓட்டைகளால் இறங்கி, வின்சன்ட் வெட்டும் பாரை மீனின் முதுகில் பளபளக்கிறது. எதிரே விலங்கியல் ஆசிரியர் இராஜநாயகம் ஒரு புது விலங்கியல் பாடப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். ஏழு வருடங்களுக்கு முன், மீன் சுவாசிக்கும் உறுப்புக்குச் சோதனைத் தாளில் வின்சன்ட் ‘பூ’ என்று எழுதினான். அவன் வீட்டில் அதற்கு அதுதான் பேர். ‘செவுள்’ என்று எழுதத் தெரியாதா என்று கேட்டு, அவர் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. அவரும் தேடிப் போகவில்லை.

“மீன் வாங்க வரேல்லை, வின்சன்ட். இதைப் பாரும்.” அவர் புத்தகத்தை விரித்துக் காட்டுகிறார். மீனின் செவுள் படத்தின் கீழே ‘பூக்கள்’ என்று அச்சிட்டிருக்கிறது. “நீர் எழுதினதுதான் சரி. நான்தான் பிழை விட்டனான்.”

வின்சன்ட் கத்தியை வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கைகளை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைக்கிறான். ஆனாலும் புத்தகத்தைத் தொடவில்லை. குனிந்து, உதடு அசைய வாசிக்கிறான்.

“பூவை மேல மூடியிருக்கிறதுக்கு என்ன பேர், சேர்?”

“பூமூடி.”

“மற்றப் பக்கத்தில?”

அவர் புரட்டுகிறார். இதயம், ஈரல், காற்றுப்பை. அவன் கண்கள் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போகின்றன.

“இன்னும் திருப்புங்கோ.”

அவர் பின்னால் காத்துநிற்கும் பெண் பொறுமை இழக்கிறாள். “தம்பி, என்ரை மீனை வெட்டித் தாங்கோவன்.”

வின்சன்ட் நிமிர்ந்து கத்தியை எடுக்கிறான்.

“மூடுங்கோ சேர். இரத்தம் தெறிக்கும்.”