காயாத மேஜை

"இதுதான் நீ பாலிஷ் போட்ட லட்சணமா? விரல் வச்சா ஒட்டிக்கிட்டு வருது!"

பாலிஷ்காரி வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே பெரிய மருமகள் ஆரம்பித்துவிட்டாள்.

பாலிஷ்காரிக்குச் சுருக்கென்றது. அவள் கை பட்ட மரத்தை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. சொல்ல அவள் விட்டதும் இல்லை.

"போன தடவையே டர்பன்டைன் போட்டுத் துடைச்சு, காய வச்சிட்டுத்தானேக்கா போனேன்?"

"அப்புறம் ஏன் பிசுபிசுன்னு இருக்கு?" என்று பின்னாலேயே வந்தாள் சின்ன மருமகள். "இதுக்காகத்தான் எங்க வண்டியே நிக்குது. டேபிளை எங்களுக்குக் குடுக்க அக்காவுக்கு மனசில்ல. அதான் காயல, காயலன்னு ஒரு சாக்கு."

"தாராளமாத் தூக்கிட்டுப் போ. நீ கிளம்பினா எனக்கும் நிம்மதி!"

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

அந்த வீட்டில் இது தினப்படி கச்சேரி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அண்ணனும் தம்பியும் தனிக்குடித்தனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெரிய சாப்பாட்டு மேஜை தம்பிக்கு. மரத்தில் தேய்த்த எண்ணெய் காய வேண்டும், அதன் மேல் அரக்கு, அதற்கும் மேல் வார்னிஷ். அது முடிந்த மறுநாள் சாமான் வண்டி. எண்ணெய்தான் காய்ந்தபாடில்லை.

"ரெண்டு பேரும் வெளிய இருங்க. நான் பாத்துக்கறேன்."

துணியை நனைத்து ஒரு ஓரத்தை அழுத்தித் துடைத்தாள். அவள் தேய்த்த ஆளி விதை எண்ணெய் அடியில் கல்லு மாதிரி காய்ந்திருந்தது. ஈரமெல்லாம் மேலேதான். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள். சமையல் எண்ணெய்! அது ஜென்மத்துக்கும் காயாது.

பாலிஷ்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைக் கொடுக்க மனமில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அதற்கு என் பேரையா கெடுப்பது?

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க. அடுப்படி எண்ணெயை எடுத்து இதுல தடவினது யாரு?"

பெரியவளின் முகம் தொங்கிப்போயிற்று. "மெதுவாப் பேசும்மா."

"டேபிள் மேல அவ்வளவு ஆசையா?"

"டேபிள் யாருக்கு வேணும்? அவ போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்ட வாயாடுவேன்?" பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போகாதடின்னு சொல்லவும் வாய் வரமாட்டேங்குது. அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல?"

பாலிஷ்காரிக்கு மனசு இளகிற்று. ஆனாலும் விடவில்லை. மேஜையின் மறுகோடிக்குப் போய்த் தொட்டு முகர்ந்தாள்.

"அது சரி. இந்தப் பக்கம் எதுக்குத் தலைக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெய்? ஒரு எண்ணெய் பத்தாதா?"

"தலை எண்ணெயா? சத்தியமா அது நான் இல்ல!"

வாசற்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. சின்னவள் நின்றிருந்தாள். முன்னால் இழுத்துப் போட்ட பின்னலிலிருந்து அதே வாசனை கும்மென்று வந்தது.

ஓரகத்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் பின்னலை அவசரமாக முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாள்.

அதற்குள் அண்ணனும் தம்பியும் வந்துவிட்டார்கள். "என்னம்மா, எப்பத்தான் காயும்? வண்டிக்காரருக்கு என்ன பதில் சொல்றது?"

பாலிஷ்காரி நிமிர்ந்து நின்றாள். பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றைக் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

"தப்பு என் வேலையிலதான் சார். இது இனிமே காயாது. வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க."