துணைக்குப் போன புருஷன்

"மூஞ்சித் தோலை உரிக்க டாக்டர் எதுக்கு? நம்ம வீட்டுல அந்த வேலையை நீதானே பார்க்கிற, வாயாலேயே?"

கெமிக்கல் பீல் பண்ணிக்கொள்ளப் போகிறேன், துணைக்கு வாங்க என்று மனைவி கூப்பிட்டபோது நான் அடித்த ஜோக் இது. சிரித்தது நான் மட்டும்தான்.

பேரன் எடுக்கிற வயசில் முகத்தில் மருந்து தடவி, மேல்தோலை உரித்து, பளபளப்பு வேண்டுமாம். இந்தக் கூத்தை நேரில் பார்க்காமல் விடலாமா? ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

கிளம்பும் அவசரத்தில் ஷேவ் செய்தபோது கன்னத்து மச்சத்தில் வழக்கம்போல் பிளேடு பட்டுவிட்டது. பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தேன்.

"மறுபடியும் ரத்தமா? எத்தனை தடவை சொல்றது, அதை யார்கிட்டயாவது காட்டுங்கன்னு."

"முதல்ல உன் மூஞ்சியைக் காட்டிட்டு வருவோம், வா."

டாக்டரம்மா எடுத்தவுடன் மருந்தைத் தொடவில்லை. பீலுக்கு முன்னால் எல்லாம் விசாரிக்க வேண்டுமாம். கேள்விகள் மனைவிக்கு. பதில்கள் என்னுடையவை.

"பருவுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"சோறே ஒழுங்கா சாப்பிட மாட்டா, டாக்டர்."

"காயம் பட்டா தழும்பு தடிச்சு நிக்குமா?"

"அவளுக்கு எங்க காயம் படுது? படுறதெல்லாம் எனக்குத்தான்."

"வெயில்ல ரொம்ப அலைவீங்களா?"

"கடை கடையா அலைவா. பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே நானும்."

டாக்டர் கேள்வியை அவளிடம் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். இந்த வயசிலும் நம் முகவெட்டு அப்படி என்று நினைத்து, நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மச்சம் ஏதாவது பெரிசாகுதா? நிறம் மாறுதா? அடிக்கடி ரத்தம் வருதா?"

"அவளுக்கு மச்சமே கிடையாது."

"உங்களுக்கு?"

கை தானாகப் பஞ்சுக்குப் போனது.

டாக்டர் விளக்கை என் பக்கம் திருப்பினார். பஞ்சை எடுத்துவிட்டு, லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அப்போது ஜோக் எதுவும் வரவில்லை.

"இதுல கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும் சார். ரிசல்ட் வந்தாத்தான் எதுவும் சொல்ல முடியும். ஆனா இனிமே தள்ளிப்போடக் கூடாது."

பயமாக இருந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இவளோட பீல்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு எதுக்கு சார் பீல்? போன வாரமே தனியா வந்து சொல்லிட்டுப் போனாங்க. 'தனக்குன்னா அவர் டாக்டர்கிட்ட வரவே மாட்டார். என்னைக் கிண்டல் பண்ணலாம்னா லீவு போட்டுட்டு வருவார்'னு."