மணி அடிச்சா வந்தா போதும்

"நீங்க பக்கத்துல நிக்கவே வேணாம் மாஸ்டர். கோழி வெந்ததும் மெஷினே மணி அடிச்சு உங்களைக் கூப்பிடும்!"

சேல்ஸ்மேன் சொன்னதுமே மாஸ்டர் ஓரடி பின்வாங்கினார். ஓட்டல் சாமான்கள் விற்கும் அந்தக் கடை முழுக்க எவர்சில்வர் பளபளத்தது. அதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. கோழி பொரிக்கும் அந்த மணி வைத்த பிரஷர் ஃப்ரையர் ஒன்றுதான் எமனாட்டம் தெரிந்தது.

இது அடுப்படிக்கு வந்தால் அவர் வேலை போச்சு. ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்த ஓட்டலில் சேர்ப்பார்கள்?

"இது வேணாம்மா," என்றார் முதலாளியம்மாவிடம். "அந்தப் பக்கம் இருக்கே, பிரஷர் காட்டுற முள்ளு வச்ச மெஷின், அது போதும். முள்ளைப் பார்த்துப் பார்த்து நானே இறக்கிடுவேன்."

"நீங்க பார்த்த லட்சணம்தான் தெரியுமே! போன வாரம் ரெண்டு தடவை கோழியைக் கரியாக்குனீங்க." முதலாளியம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அது... ஏதோ ஞாபகத்துல..."

"அதுக்குத்தாங்க இது!" சேல்ஸ்மேன் முன்னால் வந்தார். "பிரஷர் இறங்குற வரைக்கும் மூடி திறக்காது. நேரம் ஆச்சுன்னா மணி. காவலுக்கு ஆளே வேணாம்."

ஆளே வேண்டாமாம்! பாவி, பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடவே வந்திருக்கிறான்.

சேல்ஸ்மேன் ஓட்டிக் காட்டுவதற்காகத் திரும்பி நின்று மெஷினில் தண்ணீர் ஊற்றினார், மூடியை முறுக்கினார், என்னவோ பட்டன்களைத் தட்டினார். முதலாளியம்மாவும் பக்கத்தில் போய் நின்று தலையாட்டினார். விட்டால் இப்போதே பில் போட்டுவிடுவார்கள் போலிருந்தது.

"அம்மா, இங்க வாங்க, இதைப் பாருங்க!" கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாஸ்டர் அவரை முள் வைத்த மெஷினிடம் கூட்டி வந்தார். "மணியை நம்புனா மோசம் போயிடுவோம். ஒரு சொட்டு தண்ணி உள்ள போனா மணி ஊமையாயிடும். முள்ளு அப்படியா? கோழி வெந்துச்சா இல்லையான்னு எனக்கு அது மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்."

"மூடிக்குள்ள இருக்கிற கோழிக்கு மூஞ்சி ஏது மாஸ்டர்?" முதலாளியம்மா அவரை உற்றுப் பார்த்தார். "மெஷின் வந்ததும் உங்களை அனுப்பிடுவேன்னு பயமா? பத்தொன்பது வருஷமா என்கூட இருக்கீங்க. அப்படிச் செய்வேனா?"

நல்ல மனசுதான். ஆனால் விஷயம் தெரிந்தால் அந்த நல்ல மனசு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மாஸ்டர் குனிந்து, முள் இருந்த கண்ணாடியில் விரலை வைத்தார். "இந்தப் பச்சைக் கோட்டுல முள்ளு நின்னா சரியா இருக்குன்னு அர்த்தம். சிவப்பைத் தொட்டா உடனே குறைக்கணும். நான் நகர மாட்டேன்மா. சத்தியமா இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

பேசப் பேசத் தைரியம் வந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. முதலாளியம்மா மசிந்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றியது. அப்பாடா, பிழைத்தோம்!

"இப்ப சொல்லுங்கம்மா, எது வேணும்?" என்று நிமிர்ந்து திரும்பினார்.

சேல்ஸ்மேன், முதலாளியம்மா, கல்லாவில் இருந்தவர் என்று எல்லோரும் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் முதலாளியம்மாவின் உதடுகளைப் படித்தார்: "இவ்வளவு நேரமா மணி அலறுதே... உங்களுக்குக் கேக்கவே இல்லையா மாஸ்டர்?"