இடது ஓரம்

தளவாய்புரத்துத் தையல் கூடத்தில், தகரக் கூரையின் ஓட்டை வழியாக மத்தியான வெயில் ஜெனிலாவின் மடியில் விழுந்து கிடக்கிறது. மடியில் ஒரு புத்தம் புதிய கறுப்புப் பை. மில் பிட்டர்கள் ஸ்பேனர் போட்டு வயிற்றுக்கு முன்னால் கட்டிக்கொள்வார்களே, அதே அச்சு. இதில் கூடுதலாக ஒரு சங்கிலியும், கல்லறைச் சிலுவை போல் கூர்கூராக ஒரு வெள்ளிச் சிலுவையும் தொங்குகின்றன. உழைத்துப் பழசானது போல் இருந்தால்தான் வெளிநாட்டில் பெரிய விலைக்குப் போகுமாம். அதற்காகப் பை வாயின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வெளுக்க வைக்கிறாள். ராஜபாளையம் மில்லில் பிட்டராக இருந்த அவள் புருஷன் கிறிஸ்துராஜின் பை இப்படித்தான் வெளுத்திருந்தது. போன தவக்காலத்தில் அவனோடு அதையும் சவப்பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். சூப்பர்வைசர் மாதுரி வந்து, முடித்து அடுக்கியிருக்கும் பைகளைப் புரட்டுகிறாள்.

"ஜெனிலாக்கா, சாம்பிள்ல வலது ஓரம்லா தேஞ்சிருக்கு. எல்லாத்தையும் இடது ஓரத்துல தேச்சு வச்சிருக்கிய."

"அவியளுக்கு இடது கைப் பழக்கம்."

சொன்ன பிறகுதான் ஜெனிலாவுக்குத் தான் சொன்னது காதில் விழுகிறது. மாதுரி அந்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு போகிறாள். ஜெனிலா அடுத்த பையை எடுத்து வலது ஓரத்தில் தேய்க்கிறாள். யாருடையதும் அல்லாத ஒரு பையாக அது வெளுத்துக்கொண்டு வருகிறது.