ஒன்றரை டம்ளர்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளர் சர்க்கரையைக் கரைத்தால் மொத்தம் எவ்வளவு கரைசல் வரும்? பரீட்சையில் ஒன்றரை டம்ளர் என்று எழுதிய மாணவிக்கு அந்த ஒரு மார்க்கில் முதலிடம் போயிற்று.

மறுநாள் அவளுடைய அம்மா ஆசிரியர்கள் அறைக்கே வந்துவிட்டாள்.

"வீட்டுல கரைச்சுப் பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கா சார். ஒன்றரைக்கு மேல வரல."

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதுகூடத் தெரியாதவளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று வேதியியல் ஆசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடநூலைப் பிரித்து மேஜையில் போட்டார்.

"ரெண்டு டம்ளர்னு அச்சடிச்சிருக்கு, பாருங்கம்மா. அப்ப இதை எழுதினவங்க என்ன முட்டாளா?"

"எனக்கும் நேத்துலேருந்து அதே சந்தேகம்தான் சார்," என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "எழுதினது நான்தான்."