மேலோட்டமான புண்

புண் போதாது என்றார்கள்.

அவள் நம்பாமல் மறுபடியும் கேட்டாள். மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. கோபப்படாமல் சொன்னாள்.

“படுக்கைப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிருந்தா ஆபரேஷன் கேஸும்மா. கார்டுலயே பெட்டு குடுத்துடுவாங்க. இது மேலாப்புலதான் இருக்கு, வீட்டுல பாத்துக்கறது. அதான் நீங்க இவ்ளோ நல்லாப் பாத்துக்கறீங்களே!”

பாராட்டு. நான்கு வருடத்தில் முதல் பாராட்டு. அது கிடைத்த இடத்தைப் பாருங்கள்.

பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அவள் கணவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. காது நன்றாகவே கேட்கும்.

பத்து நாள் பெட் கிடைத்தால் போதும் என்றுதான் வந்திருந்தாள். அவரைப் புரட்டிப் போட வார்டு ஆயாக்கள் இருப்பார்கள். அவள் தூங்கலாம்.

வேறொன்றும் வேண்டாம். தூங்கினால் போதும்.

அதற்கு எந்தக் கார்டும் இல்லையாம்.

வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இரவானாலும் பகலானாலும். அடுத்து எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும் என்று, அந்தப் பக்கத்துக் கட்டில் காலில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டி வைப்பாள். அறுபத்தெட்டு வயது இடுப்பு. ஒவ்வொரு முறையும் விட்டுப்போகிற மாதிரி வலிக்கும்.

திரும்பி வருகையில் ஆட்டோவில் ஒரு நினைப்பு வந்தது. ஒரு வாரம் புரட்டாமல் விட்டால்?

சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகையும் வந்தது. அதைத் துடைக்கக்கூட அலுப்பாக இருந்தது.

நான்கு மணிக்கு, மல்லாந்து கிடந்தவரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

“சித்த ஒருக்களிச்சுக்குங்க.”

உடம்பு வரவில்லை.

மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். அப்போதும் வரவில்லை.

குனிந்து பார்த்தாள். நல்ல கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தார். புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது.

“விடுங்க. நாழியாவுது.”

ஒரு விரலைப் பிரித்தாள். அடுத்ததைப் பிரிப்பதற்குள் முதல் விரல் மீண்டும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த அவளுடைய பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கை இன்னும் அவர் தோளுக்கடியில்தான் இருந்தது.