பதினைந்தாவது சுற்று

"பொம்மை பின்னுறதெல்லாம் ஒரு வேலையாம்மா?"

சௌந்தரபாண்டியன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். பெண்ணின் அப்பா ஞானரத்தினம் வீட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவும் பூவுமாகப் பெண் பார்க்க ராஜபாளையம் வந்திருந்தார்கள். ஜெனிலாவுக்கு மாப்பிள்ளை பெனினைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கடித்தால் சத்தம் கேட்குமே என்று முறுக்கை அவன் வாயிலேயே ஊறப்போட்ட அழகில் பிடித்துவிட்டது. ஆனால் பொம்மை பின்னும் குரோஷா ஊசியைக் கீழே வைக்கச் சொன்னால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று காலையிலேயே அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பையனின் அப்பா சௌந்தரபாண்டியன்தான் விடாப்பிடியாக நிற்பார் போலத் தெரிந்தது. முப்பது வருடம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். இத்தனைக்கும் அவரேதான் போதகரிடம் ஆள் அனுப்பித் தேடி வந்து கேட்ட சம்பந்தம் இது.

"பின்னுறது மட்டும் இல்ல மாமா. எப்படிப் பின்னணும்னு வரிசையா எழுதி விக்கேன். அதைப் பாத்து எந்த ஊர்லயும் இதே பொம்மையைப் பின்னிக்கிடலாம்."

"சமையல் குறிப்பு மாதிரின்னு சொல்லு" என்றார் பெனினின் அம்மா பரிபூரணம்.

"அதேதான் அத்தை! ஆனா குழம்புல உப்பு கொறைஞ்சா பொறவு போட்டுக்கிடலாம். இதுல ஒரு கண்ணி, ஒரே ஒரு நூல் வளையம் கொறைஞ்சா தலை கோணிரும்."

கேட்க ஆள் கிடைத்ததும் ஜெனிலாவுக்குப் பயம் போய்விட்டது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"தலைக்கு ஆறு கண்ணியில ஆரம்பிக்கணும் அத்தை. ஒவ்வொரு சுத்துக்கும் ஆறாறா கூட்டினா தோசை மாதிரி தட்டையா விரியும். நாப்பத்திரண்டு ஆனதும் கூட்டாம அப்படியே சுத்தினா கிண்ணம் ஆயிரும். பொறவு ஆறாறா கொறைச்சா கிண்ணத்துக்கு வாய் குறுகி உருண்டை ஆயிரும். அம்புட்டுதான், தலை ரெடி!"

பரிபூரணம் அவள் மடியிலிருந்த பொம்மையை வாங்கிப் பார்த்தார். நீளச் சடை, அதில் கனகாம்பரம், பாவாடை சட்டை. எல்லாம் நூல்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா ஏன் இம்புட்டு கருப்பா பண்ணியிருக்க?"

"கடையில உடம்பு நிறம்னு ஒரு நூல் குடுக்காவ அத்தை. வெளுத்த ரோஸ். நம்ம ராஜபாளையத்து நாய்க்கு மூக்குதான் அந்த நிறத்துல இருக்கு. அதான் நானே சாயம் ஏத்தினேன். பதினோரு நாட்டுல இப்பம் என் பொம்மைகளைப் பின்னுதாவ."

பரிபூரணம் கணவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அந்த அறையிலிருந்த ஐந்து பேரும் பொம்மையின் நிறம்தான்.

"இங்க குடு" என்று சௌந்தரபாண்டியன் பொம்மையை வாங்கினார். தலைகீழாகத் திருப்பினார். காதை இழுத்தார். தாடைக்குக் கீழே சுண்டுவிரல் நகத்தால் சுற்றிச் சுற்றி அழுத்தினார். உதடு மட்டும் அசைந்தது.

"ஏங்க, அது என்ன கத்திரிக்காயா? அமுக்கி அமுக்கிப் பாக்கீய?" என்றார் பரிபூரணம்.

அவர் காதில் வாங்கவில்லை. "நீ தப்பா எழுதிட்டேன்னு வையி. யாரு கண்டுபிடிப்பா?"

"அதுக்கு ஆள் இருக்கு மாமா. விக்கிறதுக்கு முன்னால நாலு பேருக்கு அனுப்புவேன். பின்னிப் பாத்துச் சொல்லுவாவ. மொகம் பாத்தது கிடையாது, எல்லாம் போன்லதான். அதுல சாம்பல் அணில்னு பேர் வச்சுக்கிட்டு ஒரு அக்கா இருக்காவ. உயிரை எடுப்பாவ! இந்தப் பொம்மைக்கு பதினஞ்சாவது சுத்துல முப்பத்தாறு வரணும், நான் எழுதினபடி பின்னினா முப்பத்தஞ்சுதான் வருதுன்னு மூணு நாளா ஒரே நச்சு. பாவம், வீட்டுல அவிய பேச்சைக் கேக்க ஆளில்ல போல!"

பெனினுக்குச் சிரிப்பில் முறுக்கு புரையேறியது. சௌந்தரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தம்மா மேல கோவமோ?"

"மொதல்ல கோவம்தான். பொறவு எண்ணிப் பாத்தா அவிய சொன்னதுதான் சரி. காலையிலதான் திருத்தி அனுப்பினேன். அவிய சரின்னு சொல்லாம வெளியிட மாட்டேன்."

"ம்." பொம்மையை மடியில் உட்கார வைத்தார். "கடைசியா ஒண்ணு. கல்யாணத்துக்குப் பொறவு இதையெல்லாம் விட்டுறச் சொன்னா?"

ஞானரத்தினம் மகளைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டார். ஜெனிலா பெனினைப் பார்த்தாள். பால்கோவாவைப் பார்த்தாள். மனதுக்குள் இரண்டுக்கும் விடை கொடுத்தாள்.

"விட மாட்டேன் மாமா."

சௌந்தரபாண்டியன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டி, நெற்றியைச் சுருக்கி, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

"அந்தப் பிள்ளை பதில் சொல்லிட்டு நிக்கா. இப்பம்தான் போனை நோண்டணுமா?" என்று பரிபூரணம் பல்லைக் கடித்தார்.

அவர் நிதானமாகத் தட்டி முடித்து, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீசையை நீவினார்.

ஜெனிலாவின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. சாம்பல் அணில்.

"எண்ணிட்டேன், முப்பத்தாறு சரியா இருக்கு. ஊசியைக் கீழ வச்சிராத மருமவளே. அந்த அக்கா நான்தாங்கிறதை மட்டும் உன் அத்தைகிட்ட சொல்லிராத."